விடையிறுத்தல்

'இறுத்தல்' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு வழக்குகள் உண்டு. குடிகள் அரசுக்கு வரி இறுப்பர். வினவப்பட்டவர் வினவியவர்க்கு விடை இறுப்பர். முன்னையது பொருளைச் செலுத்துதல், பின்னையது சொல்லைச் செலுத்துதல். இரண்டிலும், செலுத்துபவர் தம் தாராள மனத்தினால் ஈகின்றார் என்ற பொருள் இல்லை. கடன்பட்டவர் தம் கடனைத் தீர்க்கின்றார் என்ற பொருளே உண்டு. ஒரு சொல்லின் வழக்கைக் கொண்டு அறக்கொள்கை ஒன்றை நிறுவிவிட முடியாதென்பது தெரிந்ததே. எனினும், சோலைவரி இறுக்கும் ஒருவருக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர் யார், எதற்கு, எந்த அளவுக்கு என்ற வினாவை எழுப்புவதற்கு அச்சொல் பொருத்தமான தொடக்கமாகும். அவ்வினாவைத் திருகோணமலை மாவட்டத்து உள்ளூராட்சி மன்றங்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்ற உறுப்பினர் ஒருவர் தவிசாளரை நோக்கி எழுப்பும் வினா பெரும்பாலும் சிறிய விடயம் பற்றியதாகவே இருக்கும். வடிகால் ஏன் துப்புரவு செய்யப்படவில்லை? சந்தைக் கடைகள் எந்த அடிப்படையில் குத்தகைக்கு விடப்பட்டன? தெருவிளக்குக்கென ஒதுக்கப்பட்ட பணம் எந்த வட்டாரத்துக்குச் சென்றது? அரசியல் மெய்யியல் பேசுவோர் இத்தகைய வினாக்களைப் பொருட்படுத்துவதில்லை. இறைமை, சுயநிர்ணயம், அதிகாரப் பரவலாக்கம் முதலிய பெருஞ்சொற்களின் மத்தியில் வடிகாலுக்கு இடங்கிடைப்பது அரிது. ஆயினும், அதிகாரத்தைச் செலுத்துபவர் அதனால் பாதிக்கப்படுபவரின் முகத்துக்கு நேரே நின்று காரணங் கூறவேண்டிய இடமொன்று நம் சமூக வாழ்வில் உண்டென்றால், அது மாதந்தோறும் கூடும் இச்சிறிய மன்றமேயாகும். பாராளுமன்றத்தில் வினவுபவரும் விடையளிப்பவரும் தலைநகரில் இருக்கின்றனர். இங்கே இருவரும் அதே சந்தையில் மீன் வாங்குகின்றனர்.

வினாவை விண்ணப்பத்திலிருந்து பிரித்தறிதல் முதலில் அவசியமாகும். நம் மரபு விண்ணப்பத்தை நன்கறிந்த மரபு. மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை நீதியின் உச்சமாக நாம் போற்றி வந்துள்ளோம். ஆனால் அம்மணி விண்ணப்பத்தின் கருவியேயன்றி வினாவின் கருவியன்று. மணியை அடித்த பசுவுக்கு நீதி கிடைத்தது அரசனின் அறவுணர்வினால். அவ்வுணர்வு இல்லாத அரசனின் வாயிலில் அதே மணி வெறும் உலோகம். கண்ணகி மதுரையில் செய்தது வேறு. அவள் அருள் வேண்டவில்லை. காரணங் கேட்டாள், சான்று காட்டினாள், எதிர்ச்சான்றைக் கொணருமாறு அரசனை நிர்ப்பந்தித்தாள். விண்ணப்பிப்பவர் 'தாருங்கள்' என்கின்றார், வினவுபவர் 'ஏன்?' என்கின்றார். விண்ணப்பத்தை மறுப்பவர் கடின மனத்தவர் எனப்படலாம். வினாவுக்கு விடையிறுக்க மறுப்பவரோ கடன் தீர்க்காதவர்.

இந்த வேறுபாட்டை நிறுவனமாக்க முனைந்தோரும் தமிழ் வரலாற்றில் இருந்தனர். முதலாம் பராந்தகன் காலத்து, அதாவது கி.பி. 920 அளவிலான உத்தரமேரூர்ச் சாசனங்கள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. தேர்தல் முறையைவிட முக்கியமான விதி ஒன்று அவற்றில் உண்டு. வாரியங்களில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதிருந்தவர் மீண்டும் தெரிவுசெய்யப்படத் தகுதியற்றவர். அவருடைய உறவினரும் தகுதியற்றவர். உறவினரையும் சேர்த்துத் தண்டித்தது நமக்கு உவப்பாக இராது. ஆனால் குற்றமாகக் கருதப்பட்டது களவு மட்டுமன்று என்பதே இங்கு கவனிக்கத்தக்கது. பணத்தைக் கையாடாதவராயினும் கணக்கு ஒப்புவியாதவர் தகுதியிழந்தார். நம் மாவட்டத்துக் கந்தளாயும் சோழர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக விளங்கியது. அங்கும் சபை கூடியமைக்குச் சாசனச் சான்று உண்டு. இவற்றைக் கொண்டு 'அன்றே நம்மிடம் சனநாயகம் இருந்தது' என்று பெருமை பேசுவது வீண். அச்சபைகளில் அமர்ந்தோர் நிலமும் வேதக்கல்வியும் உடைய பிராமணர். ஏரியில் மண் சுமந்தவர் அங்கே வினவ முடியாது. கணக்கு ஒப்புவிக்கும் கடன் பழையது. அக்கடனை யார் யாருக்குச் செலுத்த வேண்டும் என்பதே இன்று மாறியிருக்கின்றது.

இனித் திருகோணமலைக்கு வருவோம். இம்மாவட்டத்தில் நகரத்துக்குரிய மன்றங்களும் பிரதேச சபைகளுமாகப் பதின்மூன்று உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. தலைநகர்ப் பகுதிக்குப் 'பட்டினமும் சூழலும்' என்று வழங்கும் பெயரே ஓர் அரசியல் வரைபடத்தைப் போன்றது: பட்டினம் ஒரு மன்றத்துக்கு, சூழல் இன்னொரு மன்றத்துக்கு. ஆனால் பட்டினத்துக்குள்ளும் மன்றத்துக்கு உரியது எவ்வளவு? துறைமுகமும் அதைச் சார்ந்த நிலங்களும் 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான இலங்கைத் துறைமுக அதிகாரசபையைச் சார்ந்தவை. 1957இல் பிரித்தானியர் கையளித்துச் சென்ற கடற்படைத்தளம் இலங்கைக் கடற்படையினுடையது. பிரெட்ரிக் கோட்டையில் இராணுவம். பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. கந்தளாய்க் குளத்திலிருந்து வரும் குடிநீர் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபைக்கு. மின்சாரமும் மன்றத்துக்கு உரியதன்று. கரை கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. நகரத் திட்டமிடல் 1978ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி நகர அபிவிருத்தி அதிகாரசபைக்கு.

மான்கள் இதற்கு நல்ல உதாரணம். திருகோணமலை நகரில் புள்ளிமான்கள் வீதியோரங்களிலும் கோட்டை வளவிலும் சுற்றித் திரிவதை அங்கு சென்றவர் அனைவரும் அறிவர். குப்பையோடு பொலித்தீனைத் தின்று அவை மடிவதும் அறிந்ததே. மான் வனசீவராசிகள் திணைக்களத்தைச் சார்ந்தது. குப்பை நகர மன்றத்தைச் சார்ந்தது. மான் படுத்துறங்கும் இடம் சிலவேளை இராணுவத்தைச் சார்ந்தது. ஒரு மான் இறந்தால் யாரிடம் 'ஏன்?' என்று கேட்பது? கோணேசர் கல்வெட்டு என்னும் நூல், கோயிற் பணிகளைத் தானத்தார், வரிப்பத்தார் எனப் பிரித்து இன்ன பணி இன்னாருடையது என வகுத்துரைக்கின்றது. அப்பிரிவினை சாதியமைப்பின் மேல் எழுப்பப்பட்டது, அதனைப் போற்றுவதற்கில்லை. ஆயினும் விளக்கு எரியாவிடின் யாரை வினவுவது என்பதாவது அங்கே தெளிவாக இருந்தது.

இங்குதான் மெய்யியற் சிக்கல் எழுகின்றது. தவிசாளரை உறுப்பினர் வினவுகின்றார். 'அவ்விடயம் எமது அதிகாரத்துக்கு உட்பட்டதன்று' என அவர் விடையளிக்கின்றார். பல சந்தர்ப்பங்களில் இது சட்டப்படி முழு உண்மை. செய்ய இயலாததைச் செய்யும் கடமை எவருக்கும் இல்லை என்பது ஒழுக்கவியலில் ஏற்கப்பட்ட கொள்கை. அப்படியாயின், அதிகாரமற்ற தலைவரை வினவுதல் அநீதியாகாதா? அவரைப் பொதுமக்கள் முன்னிலையில் நாணச் செய்வதைத் தவிர அவ்வினா எதைச் சாதிக்கின்றது?

இவ்வாட்சேபம் வலுவானது, ஆனால் அது விடையிறுக்கும் கடனை ஒரே தன்மையதாகக் கொள்கின்றது. உண்மையில் அக்கடன் இரு வகைப்படும். தாம் செய்ததற்கும் செய்யாததற்கும் காரணங் கூறுவது ஒன்று. தம் கையில் இல்லாத விடயத்தைக் கையில் உடையவரிடம் கொண்டு சென்றமை பற்றிக் கணக்கு ஒப்புவிப்பது மற்றையது. வீதி தம்முடையதன்று என்று கூறும் தவிசாளர், அவ்வீதிக்கு உரியவரிடம் எப்போது எழுதினார், என்ன எழுதினார், என்ன பதில் வந்தது, பதில் வராதபோது என்ன செய்தார் என்று வினவப்படலாம். இவற்றுள் எதுவும் அவருடைய ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அவருக்கு ஆசனம் உண்டு. கடிதத்தாளும் முத்திரையும் உண்டு. ஆகவே 'எமது அதிகாரத்துக்கு உட்பட்டதன்று' என்பது விடையின் முதல் வாக்கியமாக இருக்கலாம். முழு விடையாக இருக்க முடியாது. அதிகாரம் குறைந்த மன்றத்திலே கேட்கும் கடமையும் கேட்டதைச் சொல்லும் கடமையும் குறைவதில்லை. மாறாக, தலைவரிடம் எஞ்சியிருப்பவை அவையே என்பதால் அவற்றின் கனம் கூடுகின்றது.

இது வெறும் தருக்க நுட்பமன்று என்பதற்குக் கிண்ணியா சான்று. குறிஞ்சாக்கேணியில் பழைய பாலத்தின் இடத்திலே புதிய பாலம் அமைக்கும் வேலை நடந்த காலத்தில், மக்கள் களப்பைக் கடப்பதற்குப் 'பாதை' எனப்படும் மிதவையையே நம்பியிருந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, பாடசாலை செல்லும் சிறுவர்களை ஏற்றிச் சென்ற அந்தப் பாதை கவிழ்ந்தது. சிறுவர் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். பாதையை ஓட்டுவதற்கு அனுமதி வழங்கியது யார், பாதுகாப்பை மேற்பார்வை செய்யவேண்டியவர் யார், மாற்றுவழி அமைக்காமல் பாலவேலை தொடங்கப்பட்டது ஏன் என்ற வினாக்கள் அன்றே பாராளுமன்றம் வரை சென்றன. பாதையை நடத்தியோரும் பின்னர் நகரசபையின் தவிசாளரும் கைதுசெய்யப்பட்டனர். எவர் குற்றவாளி என்று தீர்ப்பது நீதிமன்றத்தின் பணி. இக்கட்டுரைக்கு அது உரியதன்று.

ஆனால் நவம்பர் 23க்குப் பின் எழுந்த வினாக்களை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்க்க வேண்டும். அவற்றுள் ஒன்றேனும் நவம்பர் 22இல் கேட்கப்பட முடியாத வினா அன்று. பாதையில் எத்தனை பேர் ஏறலாம்? உயிர்காப்பு அங்கிகள் உண்டா? அனுமதிப்பத்திரம் எங்கே? பாலம் எப்போது முடியும்? ஒரு மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்திலே எந்தப் புதிய உறுப்பினரும் எழுந்து கேட்கக்கூடிய வினாக்களே அவை. பாலம் ஒரு நிறுவனத்துடையது, பாதை இன்னொருவருடையது, களப்பு வேறொருவருடையது என்று பொறுப்புப் பிரிந்து கிடக்கும் இடத்தில், அப்பிரிவுகளையெல்லாம் சேர்த்து நோக்கும் ஒரே கண் அவ்வூர் மக்களின் பிரதிநிதியினுடையது. ஏனெனில் பொறுப்புத்தான் பிரிகின்றது. பிள்ளை முழுமையாகத்தான் பாதையில் ஏறுகின்றது. இறப்புக்குப் பின் வரும் வினா தண்டனைக்கு வழிகாட்டும். இறப்புக்கு முன் வரும் வினா பலருக்கு எரிச்சலூட்டும். நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். கேட்டவர் 'எதற்கும் குறை சொல்பவர்' என்று பெயரெடுப்பார். அந்தப் பெயரை ஏற்கத் துணிதல் உறுப்பினருக்குரிய அறங்களுள் ஒன்றென்றே நான் கருதுகின்றேன்.

சேவை பற்றிய வினா இவ்வாறெனின், திட்டமிடல் பற்றிய வினா இன்னும் சிக்கலானது. சேவை இன்றைய விடயம். திட்டம் இன்னும் நிகழாத விடயம். நிகழாததற்குச் சான்று காட்டிக் கேட்பது கடினம். மூதூர்ப் பிரதேசத்துச் சம்பூரின் கதையை நோக்குக. 2006 ஏப்ரலில் போரினால் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2011இல் அங்கே அனல்மின் நிலையம் அமைக்க இந்தியாவுடன் உடன்படிக்கை. 2012இல் முதலீட்டு வலயத்துக்கென 818 ஏக்கர் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. 2015இல் அவ்வறிவித்தல் நீக்கப்பட்டு மக்கள் மீளத் தொடங்கினர். 2016இல் அனல்மின் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாற்றுச் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல். இருபது ஆண்டுகளுக்குள் ஒரே பிரதேசத்தின் மேல் தொழிற்பேட்டை, நிலக்கரி, சூரிய ஒளி என மூன்று எதிர்காலங்கள் வரையப்பட்டன. ஒவ்வொன்றும் நாட்டின் நன்மைக்கென்றே அறிவிக்கப்பட்டது. வரைந்தவர்களுள் எவரும் அப்பிரதேச சபையின் மேசைக்கு முன் வந்து காரணங்கூறக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதியதில்லை.

சீனன்குடா எண்ணெய்க் குதங்கள் பற்றியும் இதுவே கூறத்தக்கது. பிரித்தானியர் கட்டிய குதங்களுள் எஞ்சிய 99ஐயும் பங்கிடும் உடன்படிக்கை 2022 ஜனவரியில் கைச்சாத்தாயிற்று: 61 கூட்டுக் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு. எண்கள் துல்லியமாகவே உள்ளன. அக்குதங்களுக்குச் செல்லும் பாரவூர்திகள் எவ்வீதியால் செல்லும், தீவிபத்து நேரின் நகரின் தீயணைப்பு வசதி போதுமா என்பவையும் எண்களால் விடையளிக்கத்தக்க வினாக்களே.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. திருகோணமலைத் துறைமுகம் ஒரு நகரத்துக்கு மட்டும் உரியதன்று. முழு நாட்டுக்கும் உரியது. உலகப்போர்க் காலத்தில் யப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரலில் அதனைத் தாக்கியது, ஒரு சிற்றூரின் சொத்தென்று கருதியன்று. அத்தகைய இயற்கைத் துறைமுகத்தின் தலைவிதியைச் சில ஆயிரம் வாக்குகளால் தெரிவான உறுப்பினர்கள் தீர்மானிக்கலாமா? தீர்மானிக்கலாகாது என்பதை நான் ஏற்கின்றேன். வினவும் உரிமை தடுக்கும் உரிமை ஆகாது. ஆனால் தடுக்க முடியாதவரிடம் காரணமே சொல்லத் தேவையில்லை என்ற முடிவு அதிலிருந்து பெறப்படுவதில்லை. 1795இல் வெளிவந்த 'நிரந்தர சமாதானம்' என்னும் நூலில் இம்மானுவேல் காண்ற், பிறர் உரிமையைப் பாதிக்கும் செயலின் கொள்கை வெளிப்படுத்தப்பட்டால் நிலைக்காதெனின் அச்செயல் நீதியற்றது என்ற அளவுகோலைத் தந்தார். அதைச் சற்று எளிமைப்படுத்தி இங்கே பயன்படுத்தலாம்: திட்டத்தின் நிழல் எவர் வீட்டின்மேல் விழுகின்றதோ அவர் முன்னிலையில் அதன் காரணத்தைச் சொல்ல முடியுமா? சொல்ல முடியுமெனின், சொல்லாமலிருப்பதற்கு நியாயமில்லை. சொல்ல முடியாதெனின், அத்திட்டம்பற்றிய ஐயம் அங்கேயே தொடங்குகின்றது. நாட்டின் பாதுகாப்புக்காக மறைக்கவேண்டியவை சில இருக்கலாம். வடிகாலும் பாரவூர்திப் பாதையும் அவற்றுள் அடங்கா.

இதுவரை மேலிருப்போரின் கடனைப் பற்றியே பேசினோம். வினவுபவரின் அறமும் ஆராயத்தக்கது. ஒருவேளை அதுவே கடினமானது. மன்றத்தில் வினாக்கள் இல்லாமலில்லை. எதிரணியினர் நிறையவே கேட்கின்றனர். ஆனால் அவ்வினாக்களுட் பல விடையை நாடாதவை. கைத்தொலைபேசியின் ஒளிப்பதிவுக்காக எழுப்பப்படும் வினாவுக்கு விடை கிடைத்தால் கேட்டவரே ஏமாற்றமடைவார். மறுபுறத்தில், ஆளும் அணியின் உறுப்பினர் தம் தலைவரை வினவுவதேயில்லை. அதற்குக் காரணம் கோழைத்தனம் மட்டுமன்று. 2018 முதல் நடைமுறையிலுள்ள கலப்புத் தேர்தல் முறையில் பல மன்றங்களில் எக்கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஓரிரு வாக்குகளில் தவிசாளர் பதவி தொங்குகின்றது. கட்சியிலிருந்து விலக்கப்படும் உறுப்பினர் தம் ஆசனத்தையே இழக்கலாம். இந்நிலையில் தம் தலைவரை நோக்கி 'ஏன்?' என்று கேட்பது காட்டிக்கொடுத்தலாகக் கொள்ளப்படுகின்றது.

வள்ளுவர் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரத்தில் இடித்துரைப்போரின் இன்றியமையாமையை வலியுறுத்துகின்றார். இடித்துரைப்பவர் அங்கே பகைவர் அல்லர். அரசனுக்குத் துணையாக அமைந்தவர். விசுவாசமும் வினாவும் முரண்பட்டவை என்ற இன்றைய எண்ணத்தை அது மறுக்கின்றது. நண்பரின் வினாவுக்கு ஓர் இயல்பு உண்டு: எதிரியின் வினாவைப் 'பொறாமை' என்று ஒதுக்கலாம், நண்பரின் வினாவை அவ்வாறு ஒதுக்க முடியாது. ஆகவே தவிசாளருக்கு மிகவும் சங்கடமானதும், மக்களுக்கு மிகவும் பயனுள்ளதும் அவருடைய அணியிலிருந்து எழும் வினாவேயாகும். மாணவர் அமைப்புகளின் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை 'ஏகமனதாக' நிறைவேறும் வேகத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

நம் மாவட்டத்தில் இதைவிடக் கூரிய தடையொன்று உள்ளது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரும் ஏறக்குறைய நெருங்கிய அளவில் வாழும் மாவட்டம் இது. ஒரு முஸ்லிம் உறுப்பினர் தமிழ்த் தவிசாளரையோ, ஒரு தமிழ் உறுப்பினர் சிங்களத் தவிசாளரையோ வினவும்போது, வினாவின் பொருள் மறைந்து வினவியவரின் இனமே கேட்கப்படுகின்றது. காணியும் குடியேற்றமும் போரும் விட்டுச்சென்ற அச்சங்கள் பொய்யானவை என்று நான் கூறவில்லை. சில வினாக்கள் உண்மையிலேயே இனநோக்கில் எழுப்பப்படுகின்றன. இங்கே ஒரு சோதனையைப் பரிந்துரைக்கலாம்: தம் வட்டாரத்தின் கிணறு பற்றிக் கேட்கும் உறுப்பினர், அதே கூட்டத்தில் தமக்கு ஒரு வாக்கும் கிடைக்காத வட்டாரத்தின் கிணறு பற்றியும் கேட்பாரா? கேட்பவரின் வினாவை எவரும் எளிதில் இனவினா என்று தள்ளிவிட முடியாது. அத்தகைய உறுப்பினர் அடுத்த தேர்தலில் வெல்வாரா என்பது ஐயத்துக்குரியதே. தம்மைத் தெரிவுசெய்தோருக்கு மட்டுமே அவர் கடமைப்பட்டவர் என்று வாதிப்போரும் உளர். ஆனால் சோலைவரி வாக்களித்தவரிடம் மட்டும் அறவிடப்படுவதில்லை.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின், எந்தக் குடிமகனும் உள்ளூராட்சி மன்றத்திடம் எழுத்திற் கேட்டுத் தகவல் பெறலாம். அப்படியாயின் உறுப்பினரின் வினா தேவையற்றதாகி விட்டதா? இல்லை. அச்சட்டத்தின் வழி கிடைப்பது ஆவணம். ஆவணத்தை மறுமுறை 'அப்படியென்றால்?' என்று உடனே கேட்க முடியாது. மன்றத்தில் கிடைப்பது ஒரு மனிதரின் விடை. அவ்விடையின் குறையைக் கண்டு அங்கேயே துணைவினா எழுப்பலாம். கூட்டறிக்கையில் அது பதியப்படும். அடுத்த கூட்டத்தில் அக்கூட்டறிக்கை உறுதிப்படுத்தப்படும்போது மீண்டும் எடுத்துக் காட்டலாம். ஜோன் ஸ்ரூவர்ட் மில் 1861இல் பிரதிநிதித்துவ ஆட்சி பற்றி எழுதியபோது, பிரதிநிதிகள் சபையின் உரிய பணி தானே ஆள்வதன்று, ஆள்வோரைக் கண்காணித்து அவர்தம் செயல்களுக்குக் காரணங்கூறச் செய்வதே என்றார். ஆட்சியதிகாரம் மிகக் குறைந்த நம் மன்றங்களுக்கு இக்கூற்று பாராளுமன்றத்தைவிடப் பொருந்துவது விந்தையே.

இறுதியாக, மிகக் கடினமான ஆட்சேபத்தை நோக்குவோம். 2018 பெப்ரவரியில் தெரிவான மன்றங்களின் காலம் 2023 மார்ச்சில் முடிவுற்றது. அம்மாதம் 9ஆம் நாள் நடைபெறவிருந்த தேர்தல் நிதியில்லை என்ற காரணத்தால் நடத்தப்படவில்லை. தேர்தல் நடத்தப்படாமை அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் நாளில். இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலான காலத்தில் மன்றங்களைச் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினர். கிழக்கு மாகாண சபையின் காலமோ 2017 செப்டம்பருடனேயே முடிந்து, அதன்பின் ஆளுநரின் ஆட்சி தொடர்ந்தது. எனவே கீழிருந்து மேல்வரை, மாவட்டத்தில் வினவுவதற்கென்று தெரிவுசெய்யப்பட்டவர் பாராளுமன்ற உறுப்பினரைத் தவிர எவரும் இல்லாத காலமொன்று இருந்தது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவது பற்றி இலங்கையும் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொண்டது, உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பு, 2025 ஏப்ரல் 5இல்.

அக்காலத்தில் விளக்குகள் எரிந்தன, குப்பை அகற்றப்பட்டது, சண்டையில்லாத கூட்டமற்ற நிர்வாகமே மேல் என்று கூறியவர்களும் உண்டு. சேவை குறையவில்லையெனின் எதை இழந்தோம்? நல்ல எசமானின் அடிமை எதை இழக்கின்றான் என்ற பழைய வினாவே இது. அவனுக்கு உணவு உண்டு, அடி இல்லை. ஆனால் நாளை அடி விழுந்தால் 'ஏன்?' என்று கேட்க அவனுக்கு இடமில்லை. செயலாளர் நல்லவராக இருந்த ஊரில் விளக்கு எரிந்தது. அந்த ஒளி அவருடைய நல்லியல்பின் விளைவு. வினவப்படாத சேவை, எவ்வளவு சிறந்ததாயினும், ஆராய்ச்சி மணியின் காலத்துக்கு நம்மைத் திருப்பிக் கொண்டு செல்கின்றது.

புதிய மன்றங்கள் 2025 ஜூனில் கூடத் தொடங்கின. மன்றமே இல்லாத காலத்தில் நடந்தவை பற்றி இன்றைய உறுப்பினர் வினவலாமா என்று கேட்கப்படலாம். அன்றைய செயல்களுக்குச் சட்டப்படியான அதிகாரம் இருந்தது; இன்றைய தவிசாளர் அவற்றுக்குப் பொறுப்பாளியல்லர். எனினும் மேலே கூறிய இரண்டாம் வகைக் கடன் அவருக்கு உண்டு: தம் கையில் இல்லாததைக் கையில் உடையவரிடம் கேட்டு அறிவிக்கும் கடன். 2023 மார்ச்சுக்கும் 2025 ஜூனுக்கும் இடையில் வழங்கப்பட்ட கட்டட அனுமதிகள், விடப்பட்ட குத்தகைகள், செய்யப்பட்ட கொள்வனவுகள் ஆகியவற்றின் பட்டியலை மேசையில் வைக்குமாறு கோரும் பிரேரணையைப் பதின்மூன்று மன்றங்களில் எதிலும் எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். அதனை வழிமொழிய ஒருவர் கிடைப்பாரா என்பது வேறு விடயம். கோப்புகள் செயலாளரின் அலுமாரியில் இருக்கின்றன.